கெய்வான் கையெழுத்துரிமை பெற்ற சரித்திரம்

டொராண்டோ நகரத்துக் கட்டடங்கள் நிமிர்ந்து நிற்பதற்குச் சிமென்ட்டும் இரும்பும்தான் காரணம் என்று நினைப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். உண்மையான காரணம், கெய்வான் ஷஹாபி என்ற மனிதரை எந்த வரைபடத்தின் மூலையிலும் கையெழுத்துப் போட விடாமல் பல ஆண்டுகள் தடுத்து வைத்திருந்ததுதான். இந்த மகத்தான காவல் பணியைச் செய்தது அயல்நாட்டுக் கட்டடக் கலைஞர் தகுதி மதிப்பீட்டு மன்றம். இனி மரியாதையோடு 'மன்றம்' என்று மட்டும் சொல்வோம்.

அபாயகரமான அந்த மனிதரின் காலைப்பொழுது இப்படிக் கழியும். எழுவார். கெட்டிலில் தண்ணீர் வைப்பார். ஃபிரீசரிலிருந்து பர்பரி என்ற ஈரானிய ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்து டோஸ்டரில் போடுவார். வெள்ளைச் சீஸ், கொஞ்சம் வால்நட். தேநீரைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு குடிப்பார். தம்ளரைக் கழுவுவார். சட்டை, கோட்டு, பூட்ஸ். வெளியே பனி பெய்திருக்கும், அல்லது பெய்துகொண்டிருக்கும். பஸ் வரும். ஏறுவார். மனைவி நெகார் இறந்து ஒரு குளிர்காலம் போய் அடுத்ததும் வந்துவிட்டது. காலை அதற்காக ஒன்றும் மாறிவிடவில்லை.

பஸ் இறக்கிவிடும் இடத்தில் ஓர் அலுவலகம். அங்கே அவர் கழிப்பறைகள் வரைந்தார். சக்கர நாற்காலி ஒரு முழுச் சுற்றுத் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும், கைப்பிடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும், உட்கார்ந்தவர் கைக்குக் காகிதச் சுருள் எட்டுமா ஆகிய விஷயங்களில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஈரானில் கெர்மான் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடமும் ஒரு நூலகமும் கட்டியவர்தான். ஆனால் 'உள்ளூர் அனுபவம்' இல்லை என்று மன்றம் கருதியது. மிகச் சரி. கெர்மானில் கட்டிய பள்ளிக்கூடம் கெர்மானில்தானே நிற்கும்.

வரைந்து முடித்ததும் முதலாளி டக் வந்து பார்ப்பார். "பிரமாதம், கெவின்," என்று சொல்லிக் கீழே தன் கையெழுத்தைப் போடுவார். கெய்வான் என்ற பெயரைச் சொல்ல டக்குக்கு வாய் வரவில்லை. கையெழுத்து நன்றாக வந்தது.

இதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. உரிமம் இல்லாதவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அருகிவரும் பறவையினத்தைப் போல அந்தச் சொல் சட்டத்தால் காக்கப்பட்டிருந்தது. நெகாரின் அண்ணன் நாதெர் பழைய கார் வாங்கி விற்பவர், சட்டங்களோடு அதிகப் பழக்கம் இல்லாதவர். நவ்ரூஸ் புத்தாண்டு விருந்து ஒன்றில் அவர் கெய்வானின் தோளில் கை போட்டு யாருக்கோ அறிமுகம் செய்தார்.

"இது என் தங்கச்சி வீட்டுக்காரர். பெரிய ஆர்க்கி..."

"நாதெர், வேணாம்."

"என்ன வேணாம்? கொலைகாரன்னா சொல்லப் போறேன்?"

"அதுக்கு உரிமம் தேவையில்ல. இதுக்குத் தேவை."

நெகாரும் அதே கல்லூரி, அதே வகுப்பு. மதிப்பெண்ணில் கெய்வானைவிட எப்போதும் சற்று மேலே. இங்கே வந்த புதிதில், ஒருவர் சம்பாதித்தால்தான் மற்றவர் மன்றத்தின் பரீட்சைகளுக்குப் படிக்க முடியும் என்று தெரிந்தது. "நீ முதல்ல பண்ணு, எனக்கென்ன அவசரம்," என்றாள் நெகார். கெய்வான் அந்த வாரமே விண்ணப்பித்தார். நெகார் யாங் தெருவில் ஓர் ஈரானிய பேக்கரியில் கேக்குப் பெட்டி மடிக்கப் போனாள்.

மன்றத்தின் நிதானத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். கெர்மான் நகராட்சி கொடுத்த சான்றிதழில் அவரை 'மொஹன்தெஸ்' என்று எழுதியிருந்தார்கள். பொறியாளர் என்று பொருள். ஈரானில் கட்டடம் வரைபவரை, அவர் பொறியியல் பக்கமே போகாதவராக இருந்தாலும், எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மன்றத்திலிருந்து பதில் வந்தது: 'தாங்கள் பொறியாளர் என அறிகிறோம். பொறியாளர்களுக்கு வேறு மன்றம் உள்ளது. தங்கள் முயற்சி வெல்க.' தான் பொறியாளர் இல்லை என்று நிரூபிக்கக் கெய்வானுக்கு ஒரு வருடம் ஆனது. இல்லாத ஒன்றை நிரூபிப்பது எப்படி என்று அதில் கற்றுக்கொண்டார். பிற்பாடு மிகவும் உதவியது.

எல்லாம் சேர்ந்து கடைசியில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. ஒரு கட்டடத்தின் வரைபடங்களைக் கொண்டுவந்து மூன்று பேர் முன்னால் விளக்க வேண்டும். கெர்மான் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டார். வரைபடம் மட்டும் போதாது என்று நெகார் பேக்கரிப் பெட்டி அட்டைகளை வெட்டி ஒட்டி ஒரு மாடல் செய்தாள். ஒரு கோடைகாலம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் அது வளர்ந்தது. இரண்டு பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

நேர்காணலுக்கு முன் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஈரானியர்களிடம் தஆரோஃப் என்று ஒரு பழக்கம். காசு நீட்டினால் கடைக்காரர், "உங்ககிட்டப் போய் வாங்குவேனா, இருக்கட்டும்," என்பார். மறுபடி நீட்ட வேண்டும். மறுபடி மறுப்பார். மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டு, குறைகிறது என்பார். யாராவது பாராட்டினால் இல்லை என்று சொல்ல வேண்டும். உங்கள் பொருளை யாராவது அழகு என்றால் அவருக்கே கொடுத்துவிட வேண்டும். அவர் சத்தியம் செய்து மறுக்க வேண்டும். சொன்னதை முதல் தடவையிலேயே அப்படியே எடுத்துக்கொள்கிறவன் வளர்ப்புச் சரியில்லாதவன். எடுத்துக்கொள்வார் என்று யாரும் எதிர்பார்த்துச் சொல்வதே இல்லை.

மன்றம் இதைவிட உயர்ந்த நாகரிகத்தைச் சேர்ந்தது. அங்கே சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்வார்கள்.

குழுவின் தலைவி ஆட்ரி பென்ஹேல் அம்மையார். வெள்ளைத் தலை, அன்பான முகம். இரு பக்கமும் இரண்டு பேர், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

"காபி?" என்றார் அம்மையார்.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சரி," என்று அவர் தனக்கு ஊற்றிக்கொண்டார். கெய்வான் இரண்டாவது அழைப்புக்குக் காத்திருந்தார். அது வரவே இல்லை. தொண்டை வறண்டபடியே நேர்காணல் தொடங்கியது.

"இந்தப் பள்ளிக்கூடத்துல உங்க பங்கு என்ன?"

"அதெல்லாம் சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்லீங்க."

மூவரும் எழுதினார்கள்.

"கூரைத் தண்ணி வடியற ஏற்பாடு நல்லா இருக்கே. அது யார் பண்ணது?"

"ரஹ்மத்னு ஒரு கொத்தனார். அவர் இருக்கும்போது எனக்கென்ன வேலை."

"அவருக்கு உரிமம் இருக்கா?"

"அவருக்குப் பல்லே இல்லீங்க."

இதையும் எழுதினார்கள்.

"ஒரு கட்டடத்துக்கு நீங்க தனியாப் பொறுப்பு ஏத்துக்க முடியும்னு நினைக்கிறீங்களா?"

"உங்கள மாதிரிப் பெரியவங்க முன்னாடி அத நான் எப்படிச் சொல்றது. நான் உங்க காலடித் தூசிங்க."

வலது பக்கம் இருந்தவர் தலைவியிடம் குனிந்து, 'தூசி' என்பதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று கேட்டார். அம்மையாரின் பார்வை மாடலுக்குப் போனது.

"இது ரொம்ப அழகா இருக்கு."

"உங்களுக்குத்தான். வச்சுக்கோங்க."

"நிஜமாவா? எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு," என்று பென்ஹேல் அம்மையார் மாடலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது நெகார் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். அவருடைய கையைப் பார்த்தாள்.

"மாடல் எங்க?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"அந்தம்மாவுக்கு. அழகா இருக்குன்னாங்க. உங்களுக்குத்தான்னேன்."

"சரி. எத்தன தடவ வேணாம்னா?"

"ஒரு தடவகூட இல்ல."

நெகார் அடுப்பை அணைத்தாள். சுவரில் சாய்ந்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். "முதல் தடவையே எடுத்துக்கிட்டாளா? பாவம், அவளுக்கு அம்மா கிடையாது போல."

"நீ சிரிக்கிற. கோடை பூரா உக்காந்து செஞ்சது."

"விடு கழுத, வேற செஞ்சாப் போச்சு. அட்டைக்கா பஞ்சம்? தூசின்னு நிஜமாவே சொன்னியா?"

"காலடித் தூசி."

"போச்சு. இந்த ஊர்ல தூசிக்கு உரிமம் குடுக்கமாட்டான். மிஷின் வச்சு உறிஞ்சிடுவான்."

மன்றத்தின் கடிதம் மிகவும் கனிவாக இருந்தது. 'தாம் எதையும் வடிவமைக்கவில்லை என்பதை விண்ணப்பதாரர் தாமாகவே முன்வந்து ஒப்புக்கொண்ட நேர்மையைப் பாராட்டுகிறோம். பல்லில்லாத கொத்தனார் அவர்கள் தனியே விண்ணப்பிக்கலாம்.' இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு, அதிலும் தவறினால் கோப்பு நிரந்தரமாக மூடப்படும் என்று கடைசி வரி சொன்னது.

அந்த வருடக் கடைசியில் நெகாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. பிப்ரவரியில் போய்விட்டாள்.

ஆகவே இரண்டாவது நேர்காணலில் தோற்றால் மூடப்படுவது கோப்பு மட்டுமாக இருக்காது. அவள் மடித்த பெட்டிகள் எல்லாம் எதற்கும் இல்லாமல் மடித்த பெட்டிகள் என்று ஆகிவிடும். கெய்வானுக்கு வாழ்க்கையில் மிச்சம் இருந்த விவகாரம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் தம்ளர் கழுவுவது.

பயிற்சி கொடுக்கும் பொறுப்பை நாதெர் எடுத்துக்கொண்டார். பயிற்சிக்களம், அவர் பழைய கார்களை நிறுத்தி வைத்திருந்த மைதானம். நாதெர் ஒரு டொயோட்டாவின் பானெட்டில் ஏறி உட்கார்ந்தார். கெய்வான் பனியில் நின்றார்.

"கெய்வான் ஜான்," என்று, 'உயிரே' என்று பொருள்படும் செல்லச் சொல்லோடு தொடங்கினார். செல்லம் அத்தோடு முடிந்தது. "நான்தான் அந்தக் கிழவி. சொல்லு, இந்தப் பள்ளிக்கூடத்தக் கட்டினது யாரு?"

"நாங்க ஒரு குழுவா..."

"குழுவ நான் சுட்டுக் கொன்னுட்டேன். யாரு?"

"என் பேராசிரியர்தான் முதல்ல..."

"அவரையும் பொதச்சாச்சு. இப்ப யாரு மிச்சம்?"

"நான்."

"காதுல விழல."

"நான்."

"ஒரு காரு விக்கறப்ப, இதுல எஞ்சின் சுமார்தாங்க, உங்க முன்னாடி இதெல்லாம் ஒரு காரான்னா சொல்வேன்? இந்த வண்டியப் பாரு. ரெண்டு தடவ ஆத்துல முங்கினது. நான் என்ன சொல்வேன் தெரியுமா?"

"என்ன?"

"சுத்தமா கழுவின வண்டின்னு சொல்வேன்." நாதெர் கீழே இறங்கினார். "காபி வேணுமான்னு கேட்டா?"

"வேணும்."

"எத்தனாவது தடவ?"

"முதல் தடவ."

"நல்லா இருக்குன்னா?"

"ஆமா, நல்லா இருக்கு."

"சபாஷ். மானங்கெட்டவனா ஆயிட்ட. இனி ஜெயிச்சுருவ." நாதெர் கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நெகார் இப்ப உன்னப் பாத்தா வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பா."

இரண்டு பேரும் டொயோட்டாவின் பக்கம் திரும்பினார்கள். நல்ல வண்டிதான், பார்வைக்கு.

நேர்காணல் நாளில் மன்றத்தின் முன்கூடத்துக்குள் நுழைந்த கெய்வான் நின்றார். நெகார் செய்த மாடலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கீழே பித்தளைத் தகடு: 'விண்ணப்பதாரர் ஒருவரின் அன்பளிப்பு.' மன்றம் நன்றி மறப்பதில்லை.

"காபி?" என்றார் பென்ஹேல் அம்மையார்.

"குடுங்க. சர்க்கரை போட்டு."

அம்மையாரின் புருவம் உயர்ந்தது. பேனாக்கள் நகர்ந்தன. கூரைத் தண்ணீர் யார் ஏற்பாடு? நான். செங்கல் வரிசை? நான். ஜன்னல்கள்? நான். கெர்மானில் வெயில் அடிப்பதற்கும் தானே பொறுப்பு என்று சொல்லக் கெய்வான் தயாராக இருந்தார், அதைக் கேட்கவில்லை.

"ஒரு வாடிக்கையாளர், எனக்கு இது போதும், வேற ஒண்ணும் வேணாம்னு சொல்றார். நீங்க என்ன பண்ணுவீங்க?"

"போதும்னு எடுத்துக்குவேன்."

"ஒருவேளை சும்மா மரியாதைக்குச் சொல்றாரோன்னு திரும்பக் கேப்பீங்களா?"

"மாட்டேன். சொன்னாச் சொன்னதுதான்."

"ரொம்ப நல்லது," என்று அம்மையார் மற்ற இருவரையும் பெருமையாகப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மாடலைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். மேசையில் வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இத நான் தினமும் வாசல்ல பாக்கறேன். ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். வரைபடத்துல முற்றத்துப் படி நேரா மேல போகுது. இதுல பாதியில திரும்புதே."

கெய்வான் குனிந்து பார்த்தார். திரும்பியது. வரைபடத்தைப் பார்த்தார். நேராகப் போனது. ஒரு கோடை முழுக்கத் தட்டுக்கு இடம் விடாமல் கண்ணெதிரே வளர்ந்த மாடல். அவர் இதைப் பார்க்கவே இல்லை. படி திரும்பும் இடத்தில் நகத்தளவு ஒரு மேடை, குளிர்கால வெயில் விழும் பக்கமாக. ஒரு குழந்தை அங்கே உட்கார்ந்து ரொட்டி தின்னலாம். அந்தக் கோடையில் அவர் நெகாரிடம் கேட்டிருக்கிறார்: படி எப்படி இருக்கு? "உன் படிக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு," என்றிருக்கிறாள். நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஒரு திருப்பம் இல்லேன்னா இது சாதாரணப் பள்ளிக்கூடம்," என்றார் பென்ஹேல் அம்மையார். "இதுக்காகத்தான் உங்கள மறுபடி பாக்கணும்னு நினைச்சேன். இது யாரோட யோசனை?"

இங்கேதான் மன்றத்தின் நுட்பத்தை வியக்க வேண்டும். அவள் உழைப்பு வீணாகாமல் இருக்க ஒரே வழி அவள் பெயரைச் சொல்லாமல் இருப்பது. இப்படி ஒரு கேள்வியை எந்தப் பல்கலைக்கழகமும் தயாரித்துவிட முடியாது. கெய்வான் காபியை ஒரு வாய் குடித்தார். ஆறியிருந்தது. மூன்று பேனாக்கள் காத்திருந்தன.

"என்னோடது," என்றார்.

"தனியாவா?"

"தனியா."

எழுதினார்கள்.

உரிமம் வசந்தத்தில் வந்தது. நாதெர் மைதானத்திலிருந்த எல்லாக் கார்களின் ஹாரனையும் ஒவ்வொன்றாக அடித்துக் கொண்டாடினார். வேலை செய்யாத ஹாரன்களுக்குத் தானே வாயால் சத்தம் போட்டார். மன்றத்தின் முன்கூடத்தில் பித்தளைத் தகட்டை மாற்றினார்கள்: 'ஆர்க்கிடெக்ட் கெய்வான் ஷஹாபியின் படைப்பு.' டக் கை குலுக்கி, "வாழ்த்துகள், கெவின்," என்றார். கெய்வான் இப்போது தாம் வரையும் கழிப்பறைகளுக்குத் தாமே கையெழுத்துப் போடுகிறார். இதுவரை எதுவும் இடியவில்லை.

உரிமத்தோடு மதிப்பீட்டுக் குறிப்பும் ஒன்று வந்தது. தன்னம்பிக்கை: திருப்தி. தலைமைப் பண்பு: திருப்தி. பிறர் சொல்வதை மறுகேள்வி இல்லாமல் சொன்னபடியே ஏற்றுக்கொள்ளும் திறன்: மிகச் சிறப்பு. இந்தக் கடைசித் திறன் முதல் நேர்காணலில் காணப்படவில்லை என்றும், இது மன்றத்தின் வழிகாட்டுதலால் வந்தது எனக் கருதுவதாகவும் பென்ஹேல் அம்மையார் கையால் எழுதியிருந்தார்.

மன்றத்தின் மீது எத்தனை மதிப்பு இருந்தாலும் இந்த ஓர் இடத்தில் திருத்தம் தேவைப்படுகிறது. அந்தத் திறன் கெய்வானிடம் முன்பிருந்தே உண்டு. இரண்டாவது வாய்ப்புக்கான கோப்பை மன்றத்துக்கு அனுப்ப வேண்டிய வாரம் அது. பிப்ரவரி, நெகாரின் கடைசிப் பிற்பகல், மருத்துவமனையின் ஆறாவது மாடி. நெகார் தலையணையைத் திருப்பிப் போடச் சொன்னாள். திருப்பிப் போட்டார். கோப்பு முடிந்ததா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றார். அதற்கு அவள் ஒன்று சொன்னாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். கெய்வான் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"நீ போய் உன் வேலையப் பாரு ஜான். எனக்குத் துணையெல்லாம் எதுக்கு."